வலைக்குப் போட்ட கஞ்சி

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். லாரியில் கிளீனர், பெங்களூரில் ஓட்டல் வேலை என்று அலைந்தேன். ஆறு மாதத்துக்கு மேல் எங்கேயும் தங்கியதில்லை. பட்டினி கிடந்த நாட்களும் உண்டு. அதில் சொல்ல ஒன்றுமில்லை. காஞ்சிபுரத்துக்குத் திரும்பும்போதெல்லாம், நெய்வதற்காகத் தெருவில் நீட்டிக் கட்டிய பட்டுப் பாவு நூலுக்குக் கஞ்சி தடவும் வேலை கிடைக்கும். அப்படித் திரும்பியிருந்தபோதுதான் பிள்ளையார்பாளையத்தில் மேடம் ஒருவர் சாமான் தூக்க ஆள் தேடினார்.

கடலில் மிதக்கும், கண்ணுக்குத் தெரியாத செடிகளைப் படித்தவர் அவர். பிளாங்டன் என்பார். கல்லூரி வேலையில் ஓய்வு பெற்ற பிறகும், ஒவ்வொரு அமாவாசைக்கும் மறுநாள் காலை கடலுக்குப் போய், ஒரே இடத்தில் வலை இழுத்து, அதன் அடியில் சேரும் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுப்பார். இருபத்தைந்து வருடமாக ஒரு மாதம் தவறவில்லை. பிரசவமான மாதம் கணவரை அனுப்பினாராம். ஊரடங்கில் படகுக்காரரே எடுத்து வைத்தாராம்.

"ஒரு மாசம் வுட்டுட்டா, அந்த மாசம் கடல்ல என்ன இருந்துச்சுன்னு யாருக்குமே தெரியாதுபா."

அமாவாசையன்று எலி வலையைக் கடித்துவிட்டது. பட்டுத் துணியை விட நெருக்கமான நைலான் வலை. புதுசு வர ஒரு மாதம் ஆகும். நான் தைக்கிறேன் என்றேன். மெல்லிய பட்டு நூலில் இழை இழையாகப் பின்னி ஓட்டைகளை அடைத்தேன். கைப்பழக்கத்தில் வலை முழுக்கக் கஞ்சியும் தடவிக் காயவைத்தேன்.

மறுநாள் படகில், எடுத்த தண்ணீர் கெடாமலிருக்க மேடம் அயோடின் விட்டார். தேநீர் நிறத்தில் இருக்க வேண்டியது, மை போலக் கறுத்தது.

"இன்னா டீச்சர், கடல் மை கக்குதா?" என்றார் படகுக்காரர்.

மேடம் முகம் வெளுத்துவிட்டது. வலையைத் தடவினார். விறைப்பாக இருந்தது.

"கஞ்சி போட்டியா?"

"பின்ன? இல்லாட்டி நூல் பிசிறு அடிக்கும்ல மேடம்."

"காஞ்சிவரத்தான்யா! மீனுக்குப் புடவை எடுத்துக்கினு வந்துகிறான்!" படகுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மேடம் சிரிக்கவில்லை. அயோடின் பட்டால் கஞ்சி கறுத்துவிடும். இந்தத் தண்ணீர் உதவாது என்றார். காற்று கிளம்பிவிட்டது, கரைக்குப் போகணும் என்றார் படகுக்காரர்.

பிளாஸ்கிலிருந்த வெந்நீரை வலையில் ஊற்றிக் கசக்கினேன். கடலில் முக்கி அலசினேன். ஒவ்வொரு அலசலுக்கும் மேடம் வலையிலிருந்து ஒழுகும் நீரை மூடியில் பிடித்து ஒரு சொட்டு அயோடின் விட்டுப் பார்த்தார். கறுப்பு. நீலம். லேசான ஊதா. ஐந்தாம் தடவை தேநீர் நிறம். நான் போட்ட தையல் ஒன்றும் பிரியவில்லை.

படகுக்காரர் படகை அதே இடத்துக்குத் திருப்பினார். மறுபடி இழுத்தோம்.

மாலையில் மேடம் மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். கண்ணாடி வளையல்கள், கோத்த மணிச் சரங்கள், சின்னச் சின்னப் பெட்டிகள். எல்லாம் செடியாம். பக்கத்தில் நோட்டில் அவர் எழுதிக்கொண்டிருந்தார்: எலி, தையல், கஞ்சி, இரண்டாம் முறை எடுத்தது.

"இதெல்லாம் எதுக்கு மேடம் எழுதுறீங்க? அசிங்கமா இருக்குது."

"நாளைக்கு யாராவது படிச்சா, வலை எப்படி இருந்துச்சுன்னு தெரிய வேணாமா?" பேனாவை மூடினார். "அடுத்த அமாவாசைக்கு இருப்பியா, கிளம்பிடுவியா?"

"மொதல்ல போய் எலிப்பொறி வாங்கிக்கினு வரேன்" என்றேன்.