அவர் சொன்ன நாட்சம்பளம்

நட்டஈட்டுக் காசை அரசாங்கம்தான் தருகிறது என்று இந்தச் சனத்துக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது. அந்த ஆளைப் பிடித்து என்னுடைய கதிரையில் ஒரு கிழமை இருத்திவைக்க வேண்டும் என்று எத்தனையோ நாள் பல்லைக் கடித்திருக்கிறேன். யாழ்ப்பாணத்தில், தொழிலாளர் விவகாரம் பார்க்கும் ஒரு கந்தோரில் நான் எழுதுவினைஞராக இருந்தேன். வேலை செய்யுமிடத்தில் கை போனவர், கால் போனவர், செத்துப்போனவரின் வீட்டுக்காரர் என்று வருகிறவர்களின் வாக்குமூலத்தை எழுதியெடுப்பதுதான் வேலை. வந்து இருந்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "கவுண்மேந்து எப்ப காசு தரும், மிஸ்?"

கவுண்மேந்து ஒரு சதமும் தராது. சட்டம் அரசாங்கத்தினுடையது. சம்பளத்தையும் காயத்தையும் வைத்துத் தொகை பார்க்கிற அட்டவணை அரசாங்கத்தினுடையது. விசாரிக்கிற அதிகாரியும் எழுதுகிற நானும் அரசாங்கத்தின் சம்பளக்காரர். ஆனால் காசு மட்டும் வேலைக்கு வைத்திருந்தவரின் மடியிலிருந்து வரவேண்டும். ஆள் செத்துப்போனால் அதை அவர் நேரே வீட்டுக்காரர் கையில் கொடுத்துத் தப்பவும் முடியாது. ஆணையாளரிடம் கட்டவேண்டும். ஆணையாளர்தான் மனைவிக்கு இவ்வளவு, பிள்ளைகளுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பார். பிள்ளைகளின் பங்கு வயது வரும்வரை வங்கியில் கிடக்கும். கலியாணத் தரகர் சீதனம் கொடுப்பதில்லைத்தானே, வாங்கிக் கொடுக்கிறாரே தவிர. அரசாங்கமும் இதில் அப்படித்தான்.

பெரிய கொம்பனிகள் காப்புறுதி செய்து வைத்திருக்கும். கடிதம் போனால் காசோலை வரும். எங்கள் பக்கத்தில் யாரிடம் காப்புறுதி? ஒரு படகு வைத்திருப்பவர், ஒரு அரிசி மில்காரர், நாலு மேசன்மாரை வைத்து வீடு கட்டிக்கொடுப்பவர். தங்கள் தலைக்கு மேல் இப்படி ஒரு சட்டம் இருப்பதே இவர்களுக்குச் செத்தவீட்டுக்குப் பிறகுதான் தெரியவரும்.

மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்று சனம் களைத்துப்போன அந்த வருடத்துக்கு அடுத்த வருடம், தொண்டைமானாற்றுப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இராது. இரண்டு பெண்பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களை ஒரு பொலித்தீன் பைக்குள் வைத்துச் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். கணவன் கடற்றொழிலாளி. காற்று மாறிய ஒரு காலையில் படகைக் கரைக்கு எடுக்கும்போது அலை தூக்கி அடித்ததில், படகுக்கும் கரைப் பாறையான முருகைக்கல்லுக்கும் நடுவில் அகப்பட்டுவிட்டார். ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. மூன்று மாதம் ஆகியிருந்தது.

"அவருக்கு ஆர் சம்பளம் குடுத்தது?" என்று கேட்டேன். படிவத்தில் முதலில் நிரப்பவேண்டியது அதுதான்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சம்பளமோ? என்ரை மனுசன் ஒருத்தரிட்டையும் சம்பளத்துக்கு நிண்டவரில்லை, மிஸ். அவர் பங்குக்காரன்."

நான் பேனையை வைத்துவிட்டேன். அந்தக் கரையில் அது பெருமையான சொல். பிடிபட்ட மீன் விற்ற காசில் எண்ணெய்ச் செலவைக் கழித்துவிட்டு, படகுக்கு ஒரு பங்கு, எஞ்சினுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று பிரிப்பார்கள். மீன் படாத நாளில் எல்லோருக்கும் வெறுங்கை. இதில் ஒருவன் மற்றவனுக்குக் கூலியாள் இல்லை. ஆனால் எங்கள் படிவத்துக்கு அது விளங்காது. பங்குக்குப் போனவரைக் கூட்டாளி என்றுதான் எடுப்பார்கள். வேலையாள் இல்லையென்றால் வேலைக்கு வைத்தவரும் இல்லை; வைத்தவர் இல்லையென்றால் காசு கட்ட ஒருவரும் இல்லை. புருசனின் மரியாதையைக் காப்பாற்றுகிறேன் என்று இந்தப் பெட்டை தன் பிள்ளைகளின் சோற்றில் மண்ணைப் போடுகிறாளே என்று எனக்குப் பொல்லாத கோபம் வந்தது.

"உந்தக் கதையை இஞ்சை கதைச்சால் ஒண்டும் வராது, பிள்ளை" என்றேன்.

"அப்ப பொய் சொல்லச் சொல்லுறியளோ?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை. படகுக்காரரைக் கூட்டிக்கொண்டு வாரும். அவர் சொல்லட்டும்."

அடுத்த கிழமை அவரோடு வந்தாள். அறுபது வயது தாண்டிய மனிதர். வெள்ளைச் சேட்டுக்குக் கழுத்துவரை தெறி பூட்டியிருந்தார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு படகு, ஒரே ஒரு எஞ்சின். முழங்கால் பழுதாகும்வரை தானும் கடலுக்குப் போனவர். செத்தவீட்டுச் செலவு முழுக்க அவர்தான் செய்தாராம். படகு தொழிலுக்குப் போகிற நாளெல்லாம் அந்த வீட்டுக்குக் கறிக்கு மீன் போகிறதாம். அவள் அவரை மாமா என்றாள். சொந்தமோ என்று கேட்டேன், இல்லை, ஊர்முறைக்கு மாமா என்றாள்.

"அவர் உங்களிட்டை வேலைக்கு நிண்டவரோ, ஐயா?"

"ஓம். என்னட்டைத்தான் நிண்டவன்."

"பங்கோ, சம்பளமோ?"

மனிதர் யோசிக்கவே இல்லை. "சம்பளம். நாட்சம்பளம்."

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "மாமா…"

"நீ பேசாமல் இரு, மோளே" என்றுவிட்டு ஒரு தொகையைச் சொன்னார். மீன் நிறையப் பட்ட நாளில்கூட ஒரு பங்குக்கு அவ்வளவு வராது என்பது சண்டிலிப்பாயில் கடற்றொழில் தெரியாத தோட்டக்காரருக்குப் பிறந்த எனக்கே தெரியும்.

"கடலுக்குப் போகாத நாளிலும் குடுத்தனீங்களோ?"

"போனாலென்ன, போகாட்டியென்ன. குடுத்தனான். எழுதுங்கோ, பிள்ளை." பிறகு மேசைக்கு மேலால் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "சம்பளத்தைக் கூட்டிப் போட்டால் காசும் கூடத் தருவினமாம். கவுண்மேந்துக் காசுதானே. சண்டைக்குள்ளை எங்கடை வள்ளம் எத்தினை போனது, வலை எத்தினை எரிஞ்சது, ஒரு சல்லி தந்தவையோ? இந்தப் பிள்ளைக்காவது தரட்டுமன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஐயோ கடவுளே, இந்த மனிதர் தன் தலையில் தானே கல்லைத் தூக்கிப் போடுகிறார். அவர் கூட்டிச் சொல்கிற ஒவ்வொரு ரூபாயும் அவருடைய மடியிலிருந்தே போகப்போகிறது.

'ஐயா, இதைக் கட்டப்போறது நீங்கள்தான்.' நாலே நாலு சொல். நாக்கு நுனிவரை வந்தது. இந்தச் சட்டம் எப்படி ஓடுகிறது என்று ஒரு நாளைக்குப் பத்துத் தரம் தொண்டை கிழியக் கத்துகிறவள் நான். அன்றைக்குக் கத்தவில்லை. பக்கத்தில் அந்தப் பெண் பொலித்தீன் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னால் அவர் 'பங்கு' என்று மாற்றிவிடுவார், அத்தோடு இவளுடைய கோப்பு மூடப்படும். செத்தவீட்டில் நெஞ்சிலடித்து அழுதுவிட்டு, கந்தோருக்கு வந்ததும் 'ஆர் அவன், எனக்குத் தெரியாதே' என்று சொன்ன முதலாளிமார் எத்தனை பேரை நான் கண்டிருக்கிறேன். மனிதர்களைப் பற்றி எனக்கு இருந்த மதிப்பு அவ்வளவுதான்.

"சரி ஐயா, வாசிச்சுப்போட்டுக் கையெழுத்து வையுங்கோ."

கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார். நானே வாசித்துக் காட்டினேன். ஒரு சொல்லும் விடவில்லை. 'தொழில்தருநர் என்ற வகையில்' என்று அவரை வேலைக்கு வைத்தவராக ஆக்குகிற இடத்தையும் வாசித்தேன். அந்த அரசாங்கத் தமிழ் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு எழுத்தாக அழுத்திக் கையெழுத்து வைத்தார். அவள் அழத் தொடங்க, "அழாதை. காசு வரும், பெண்பிள்ளையளைப் பற்றி யோசியாதை" என்று கூட்டிக்கொண்டு போனார்.

இரண்டு நாள் கழித்து படகுக்காரரிடமிருந்து ஒரு பை பாரைக் கருவாடு கந்தோருக்கு வந்தது, எனக்கென்று சொல்லி. நான் தொடவில்லை. "மிஸ்ஸுக்குக் கருவாட்டோடையும் கோவமோ?" என்று பகிடி பண்ணிக்கொண்டு பியூன் தன் வீட்டுக்குக் கொண்டுபோனான்.

கொழும்பிலிருந்து விசாரணைக்கு அதிகாரி வந்தார். படகுக்காரர் அங்கேயும் சத்தியம் செய்து அதே நாட்சம்பளத்தைச் சொன்னார். மறுப்பதற்கு ஆளில்லாத வழக்கு சீக்கிரம் முடியும். சில மாதத்தில், இவ்வளவு காசை இத்தனை நாளுக்குள் கட்டவேண்டும் என்று படகுக்காரருக்குக் கட்டளைக் கடிதம் போயிற்று. அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு காலை, கந்தோர் திறக்கிற நேரத்துக்கே வந்துவிட்டார்.

"பிள்ளை, இதிலை ஆரோ மாறி என்ரை பேரைப் போட்டிட்டினம். ஒருக்காப் பாருங்கோ."

"மாறேல்லை, ஐயா" என்று தொடங்கி, முதல்நாளே சொல்லியிருக்கவேண்டியது எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப கவுண்மேந்து?"

"வாங்கிக் குடுக்கும். அவ்வளவுதான்."

கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். மேன்முறையீடு செய்யலாம், பங்குதான் என்று உண்மையைச் சொல்லலாம், ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள் என்றேன். "சத்தியம் பண்ணிச் சொன்னதை இனி எப்பிடிப் பிள்ளை மாத்திறது" என்றுவிட்டு எழுந்துபோனார்.

விசயம் தெரிந்து அந்தப் பெண் ஓடிவந்தாள். "மாமான்ரை காசெண்டால் எனக்கு வேண்டாம், மிஸ். எழுதித் தாறன், வெட்டிவிடுங்கோ."

"உமக்கு வேண்டாமெண்டால் விடும். பிள்ளையளின்ரை பங்கை வெட்ட உமக்கு உரிமையில்லை" என்று எரிந்து விழுந்தேன். சட்டம் அப்படித்தான். ஆனால் நான் கத்தியது சட்டத்துக்காக அல்ல. அவள் வேண்டாம் என்று சொல்வாள் என்பதையும் நான் எதிர்பார்த்திருக்கவில்லை. அந்தக் கூச்சத்தில் கத்தினேன்.

படகும் எஞ்சினும் விலைப்பட்டன. வாங்கியவர் காங்கேசன்துறைப் பக்கத்து ஆள் என்று பியூன் வந்து சொன்னான். தவணை முடிய இரண்டு நாள் இருக்கையில் படகுக்காரர் வந்து, வங்கியில் காசு கட்டிய துண்டை என் மேசையில் வைத்தார். அதே வெள்ளைச் சேட்டு. நான் பதிந்துவிட்டு ஒரு பிரதியைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு எழும்பவில்லை.

"ஒண்டு கேக்கட்டோ, பிள்ளை? அண்டைக்கு நான் சம்பளமெண்டு சொல்லேக்கை, காசு கட்டப்போறது நானெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

பொய் சொல்லியிருக்கலாம். "தெரியும், ஐயா" என்றேன்.

"பிறகேன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் மாத்திச் சொல்லிப்போடுவியள் எண்டு பயந்தனான். அந்தப் பிள்ளையளுக்கு ஒண்டும் கிடையாமல் போயிடும் எண்டு."

ஏசுவார் என்று நினைத்தேன். ஏசினால் நல்லது என்றுகூட இருந்தது. மனிதர் தலையை மட்டும் ஆட்டினார்.

"மாத்தியிருப்பனோ என்னவோ" என்றார். "ஒருவேளை தெரிஞ்சுகொண்டே குடுத்தும் இருப்பன். அவன் என்ரை படகிலை செத்தவன். வீட்டிலை இருந்து யோசிச்சு யோசிச்சுப் பாக்கிறன், பிள்ளை, எனக்குப் பிடிபடுகுதில்லை. ஊர்ச்சனம் என்னைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடுதுகள், படகை வித்துக் குடுத்த மனுசன் எண்டு. நான் குடுத்தனானோ, நீங்கள் என்னட்டைப் பறிச்சனீங்களோ? நான் எப்பிடிப்பட்ட மனுசனெண்டு எனக்கு இனி ஒருநாளும் தெரியவராது."

பிரதியை நாலாக மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, பருத்தித்துறை பஸ் எத்தனை மணிக்கு என்று பியூனிடம் கேட்டுவிட்டுப் போனார்.