அம்னாவும் இரண்டு விதப் பேச்சுச் சிகிச்சையும்

என் தங்கை அம்னா, உம்மா மௌத்தாகி நாங்கள் தாயில்லாப் பிள்ளைகளான வருடமே சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது பாடமும் சித்தியடைந்தாள். தமிழ்மொழித் தினப் பேச்சுப் போட்டியில் மாகாணத்தில் இரண்டாம் இடம் எடுத்தாள். மின்வெட்டுக் காலத்தில் உயர்தரம் எழுதி, கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையிலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவளும் அவள்தான். நான்காவதாக ஒன்றையும் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். றமழான் போக, அடுத்து வரும் ஷவ்வால் மாதத்தில் ஆறு நாளும், வருடம் முழுக்கத் திங்களும் வியாழனும் அவள் நோன்பு. அந்த நான்காவதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

2023 மே 3ஆம் திகதி, பல்வலி என்று பம்பலப்பிட்டியில் ஒரு பல் வைத்தியரிடம் கூட்டிப் போனேன். அவர் பற்களின் உட்பக்கம் அரித்திருந்ததைப் பார்த்துவிட்டு என்னை வெளியே இருக்கச் சொன்னார். பதினைந்து நிமிடம் கழித்து வந்த அம்னா, பஸ் தரிப்பில் வைத்துத்தான் வாய் திறந்தாள். மூன்று வருடமாகக் கட்டுக்கடங்காமல் சாப்பிடுகிறாள், பிறகு வாந்தியெடுக்கிறாள். அந்த நோயின் பெயர் புலிமியா.

வெள்ளவத்தையில் தனுஷியா மிஸ் என்ற உளவள ஆலோசகர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, வீட்டாரும் கூட இருந்து கதைப்பது. வேளைச் சாப்பாட்டுக்கு அவர்களே பொறுப்பு. மற்றது, அம்னா தனியாகக் கதைப்பது. எப்போது சாப்பிட்டாள், அப்போது மனதில் என்ன ஓடியது என்று அவளே எழுதி வருவது.

"வளர்ந்த ஆக்களுக்கு நாங்க முதல்ல ரெண்டாவதத்தான் சொல்றது," என்றார்.

நான் கொப்பித் தாளில் நடுவே கோடு போட்டு இரண்டையும் ஒப்பிட்டேன். முதலாவதற்குப் பதினொரு நன்மை, இரண்டாவதற்கு மூன்று. 'நானும் இருப்பேன்' என்பதையே நான்கு விதமாக எழுதியிருப்பதாக அம்னா விரல் வைத்துக் காட்டினாள். இருந்தும் முதலாவதற்கே போனோம்.

மே 9, 16, 23, 30. நான்கு செவ்வாய்க்கிழமை. மிஸ் அம்னாவிடம் கேட்பார், நான் பதில் சொல்வேன். நான்காம் நாள், "இவ வாரத்துல ரெண்டு நோன்பு, மிஸ். ஒரு நாளும் விட்டதில்ல," என்றேன்.

மிஸ் பேனையைக் கீழே வைத்தார். "நோன்பு திறந்த பிறகு என்ன நடக்குது, அம்னா?"

"அதுதான் நடக்குது," என்றாள், தரையைப் பார்த்தபடி.

பட்டினி கிடப்பதும் அடங்காமல் உண்பதும் ஒன்றையொன்று இழுக்குமாம். விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுப்பியது நான். நோன்பு திறக்கக் கஞ்சியும் ரோல்ஸும் வைத்து, அவள் சாப்பிடுவதைப் பார்த்து மாஷா அல்லாஹ் சொன்னதும் நான். நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டென்று எனக்குத் தெரியும். அவள் நோயாளி என்றுதான் தெரியாது.

அந்த வாரம் வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டாலே போய்த் தட்டினேன்.

"ராத்தா, ஒங்களுக்கு சீஐடில வேல எடுத்துத் தரவா?"

"பகிடி விடாத புள்ள. கதவத் தொற."

திறந்தாள். கையில் டூத் பிரஷ்.

"நீங்க பக்கத்துல இருந்தா, ஒங்களுக்கு நோகாததத்தான் என்ட வாய் சொல்லுது. நான் தனியப் போறன்."

"தனியப் போய்ப் பொய் சொன்னா?"

"ஒங்கட முன்னுக்கு இருந்தும் மூணு வருஷமா நான் பொய்தானே சொன்ன."



அடுத்த செவ்வாய் போகவில்லை. அதற்கடுத்த செவ்வாய் மிஸ் புதிய படிவம் ஒன்றை மேசையில் வைத்தார். பழக்கத்தில் பேனையை நான்தான் எடுத்தேன். முதல் படிவத்தில் பொறுப்பாளர் என்று ஒப்பம் வைத்தவள் நான்.

"இருபது வயசு. அவதான் வைக்கணும்," என்றார் மிஸ்.

"அப்ப நான் எங்க இருக்கிற?"

"வெளிய, ராத்தா," என்றாள் அம்னா.

வெளியே வாங்குப் பலகையில் இருந்தேன், எழும்பினேன், நடந்தேன், மறுபடி இருந்தேன். ஐம்பது நிமிடம். அதன்பின் இருபது தடவை அவள் தனியாகப் போய் வந்தாள். வியாழக்கிழமைகளில் இப்போது பகல் ஒரு மணிக்கு என்னோடு இருந்து சோறு சாப்பிடுகிறாள். உள்ளே என்ன கதைத்தாள் என்று நான் கேட்டதில்லை.

பட்டியலில் நான்காவதாக இனி இது: தன் சிகிச்சைப் படிவத்தில் அம்னா முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்டது 2023 ஜூன் 13, செவ்வாய்க்கிழமை.