சந்தனம் வைத்த தக்கை

மாமா என்னை முதல் தடவை அறைந்தது, ஓர் ஆங்கிலப் புத்தகத்தை நான் சரியாகப் படித்துச் சொன்னதற்காக.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. மஸ்கட்டில் எட்டு வருடம் கிரேன் ஓட்டிவிட்டு, 2009 தொடக்கத்தில் எங்கள் ஊரான கிள்ளைக்குத் திரும்பினார். வந்தவர் மனை வாங்கவில்லை, மாடி கட்டவில்லை. கடலூர் துறைமுகத்துக்குப் போய் ஒரு பழைய ஃபைபர் படகை வாங்கி, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்து கை மாறிக்கொண்டிருந்த படகுகளில் அதுவும் ஒன்று. மீன் பிடிக்க அல்ல. எங்கள் குடும்பத்தில் யாரும் வலையைத் தொட்டதில்லை. களை எடுத்தும் கரும்பு வெட்டியும் சாப்பிட்டவர்கள். அப்பா மட்டும் இறால் பண்ணையில் காவலுக்கு இருந்தார். மஸ்கட்டில் வெள்ளிக்கிழமை ஆனால் முதலாளிமார் படகெடுத்துச் சும்மா சுற்றி வருவதை மாமா கிரேன் மேலிருந்து பார்த்திருக்கிறார். தானும் அப்படிச் சுற்ற வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

படகுக்கு சிவப்பும் மஞ்சளும் அடித்து, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கயிற்றால் கட்டி வைத்தார். முதல் நாள் உப்பங்கழி வாய்க்கால் கரையில் ஊரே நின்றது. கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு ஏறி, என்ஜினைக் கிளப்பி, ஒரே முறுக்காக முறுக்கினார். படகைக் கரையில் கட்டியிருந்த கயிறை அவிழ்க்கவில்லை. கயிறு விறைத்து இழுக்க, படகு பாம்பு மாதிரி திரும்ப, மாமா நாற்காலியோடு சேற்றில் விழுந்தார்.

"மஸ்கட்டுல கயிறுலாம் கெடையாதா மச்சான்? ஆட்டோமேட்டிக்கா?" என்று ஒரு மீனவர் கேட்டார்.

மாமா சேற்றோடு எழுந்து வந்து அவர் வயிற்றில் எட்டி உதைத்தார். அவருடைய அண்ணன் தம்பிகள் மூன்று பேர் மாமாவை அதே சேற்றில் போட்டு மிதித்தார்கள். உதட்டில் ஐந்து தையல்.

அந்தப் படகு வந்த பிறகு எங்கள் வீட்டில் இப்படித்தான் நடந்தது. மாமா ஒரு தப்பு செய்வார். யாராவது ஒருவருடைய உடம்பில் ரத்தம் வரும். ஒருநாள் தண்ணீர் ஏறியிருந்த நேரத்தில் படகை இறுக்கிக் கட்டிவிட்டுப் போய்விட்டார். தண்ணீர் இறங்கியதும் படகு ஒரு பக்கம் தூக்கில் தொங்கியது போல் நின்று, பெட்ரோல் எல்லாம் கொட்டிவிட்டது. "நீ இந்தப் பக்கம்தானய்யா காவலுக்கு இருக்கிற, பாக்க மாட்டியா?" என்று அப்பாவின் முதுகில் சவுக்குக் கட்டையால் அடித்தார். அப்பா தன்னைவிடப் பத்து வயது சின்னவனிடம் அடி வாங்கிக்கொண்டு, "வுடு மச்சான், வுடு மச்சான்" என்று மட்டும் சொன்னார். அந்த வருடம் எங்கள் கூரையை மாற்றிக் கொடுத்தது மாமா.

என்ஜினோடு ஒரு ஆங்கிலப் புத்தகம் வந்திருந்தது. அதைப் படிக்க எங்கள் சொந்தத்திலேயே நான் ஒருத்திதான். சிதம்பரத்தில் கல்லூரியில் வேதியியல் இரண்டாம் வருடம். எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் யாரும் பள்ளிக்கூடத்துக்குள் போனதில்லை; அப்பா கைநாட்டு. தெருவில் யாருக்குக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும். அதில் எனக்குக் கர்வம் உண்டு. இப்போதும் உண்டு.

படங்களைக் காட்டி மாமாவுக்கு வரி வரியாகச் சொன்னேன். முதல் பக்கத்திலேயே இருந்தது தக்கை. படகின் பின்பக்கம் அடியில் ஒரு துளை இருக்கும். கரையில் கழுவும்போது தண்ணீர் வடிய அதைத் திறக்க வேண்டும். தண்ணீரில் இறக்கும் முன் ரப்பர் தக்கையை வைத்துத் திருக வேண்டும். அடுத்த பக்கத்தில், பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும் என்று இருந்தது.

"கிரேனயே ஓட்டனவன்டி நானு" என்று மாமா எழுந்து போய்விட்டார். ஆயில் கலக்கவில்லை. மூன்றாம் நாள் நடு வாய்க்காலில் என்ஜின் இறுகி நின்றது. மீனவர்கள் கயிறு போட்டு, கைதட்டிக்கொண்டே இழுத்து வந்தார்கள். வீட்டுக்கு வந்தவரிடம், "அன்னிக்கே சொன்னனே மாமா" என்றேன். அறைந்தார். கம்மல் கிழித்துக்கொண்டு காது தொங்கியது. "பொட்டச்சி எனக்குக் கத்துக் குடுக்கறியா?"

அன்றைக்கே இன்னொன்றும் சொன்னார். அக்கா மகள் அவருக்குத்தான் என்பது நான் பிறந்த நாளிலிருந்து பேச்சு. "படிச்சது போதும். தையில கல்யாணம். விஜயதசமி அன்னிக்கிப் பெரியப்பாவக் கூட்டியாந்து, படகுலயே வெத்தல பாக்கு மாத்திக்கலாம்."

"டிகிரி முடிச்சிடறேன்" என்றேன்.

"முடிச்சி என்னாடி, கலெக்டரா போகப் போறியா?"

"இன்னும் ஒண்ணர வருசந்தானடா தம்பி" என்றாள் அம்மா. மாமா சோற்றுத் தட்டைச் சுவரில் வீசினார். அம்மா பொறுக்கினாள். தாம்பூலம் மாறிவிட்டால் என் படிப்பு முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இறுகிய என்ஜினை மெக்கானிக்கிடம் கொடுத்துச் சரிசெய்து வாங்கினார் மாமா. ஆயுத பூஜைக்கு முதல் நாள் படகைக் கரையில் ஏற்றி அப்பாவைக் கழுவச் சொன்னார். அப்பா தக்கையைக் கழற்றித் தண்ணீரை வடியவிட்டார். ஸ்பேனர், திருப்புளி, என்ஜினில் மாட்டும் சிவப்புக் கயிறு, இவற்றோடு தக்கையையும் துடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஆயுதம் என்றால் எல்லாமும்தானே. அம்மா எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பலகையில் என் புத்தகங்களின் பக்கத்தில் அடுக்கினாள். இடம் போதாமல் தக்கையை என் வேதியியல் புத்தகத்தின் மேல் வைத்தாள். பூஜையில் வைத்ததை மறுநாள் கற்பூரம் காட்டும்வரை யாரும் தொடக்கூடாது.

விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டியானது. மாமா ஸ்பேனரை எடுத்தார், சிவப்புக் கயிறை எடுத்தார், போய்விட்டார். புத்தகத்தை எடுத்து நாலு வரி படிப்பது எங்கள் வழக்கம். எடுக்கப் போனேன். அதன் மேல் தக்கை உட்கார்ந்திருந்தது, நெற்றிப் பொட்டோடு.

அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். 'தக்கை எங்க?' என்று ஒரு வார்த்தை கேட்டால் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். கரை வரைக்கும் நினைத்தேன். நாலு பேர் படகைத் தள்ளி இறக்கினார்கள். யாரும் கேட்கவில்லை. அப்பா கழுவியதை மாமா பார்க்கவில்லை. தக்கையைக் கழற்றிய அப்பாவோ, பூஜை முடிந்ததும் மாமா எடுத்து மாட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டார்.

படகில் ஐந்து பேர். மாமா, அம்மாவின் பெரியப்பா, அம்மா, அப்பா, நான். வாய்க்காலில் இடுப்பளவுதான் தண்ணீர் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கு நீச்சல் தெரியாது என்பதும் தெரியும். ஏறி உட்கார்ந்தேன்.

படகு வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்வரை துளை வழியாகத் தண்ணீர் உள்ளே வராது. சுரபுன்னைக் காடு தொடங்கும் இடத்தில், வலை காயவைத்துக்கொண்டிருந்த மீனவர்கள் பார்க்கும்படி, மாமா என்ஜினை நிறுத்தினார். பெரியப்பா தாம்பூலத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்கினார். நாலு வார்த்தை பேசியிருப்பார். அம்மாவின் புடவைக் கரை நனைந்தது. பிறகு எல்லோருடைய காலும்.

"என்னாடா தண்ணி?" என்றார் பெரியப்பா.

"என்னா மச்சான், படகு முழுவுது!" கரையிலிருந்து ஒரு குரல். "தாலி கட்டறதுக்குள்ள கரையேறிடுவியா?"

அந்தச் சிரிப்பு மாமாவின் முகத்தை என்ன செய்தது என்று பார்த்தேன். துடுப்பை எடுத்தார். "யோவ், நீதானய்யா கழுவின? என்னாய்யா பண்ணி வெச்ச?" முதல் அடி அப்பாவின் தோளில். அப்பா கையில் வாளியோடு குனிந்து தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. இரண்டாவது அடி இடது காதின் மேல். பச்சைத் தேங்காய் உடைவது போல ஒரு சத்தம்.

முதல் அடிக்கும் இரண்டாவது அடிக்கும் நடுவில் எனக்கு வாய் இருந்தது. திறக்கவில்லை.

"இங்க இருக்குது" என்றேன் அப்புறம். தக்கையை எடுத்துக் காட்டினேன். சந்தனம் என் விரலில் ஒட்டியிருந்தது. "படிச்சிச் சொன்னனே மாமா. மொதல் பக்கம்."

மாமா என் முடியைச் சுருட்டிப் பிடித்து, முகத்தைப் படகுத் தண்ணீருக்குள் அழுத்தினார். பெட்ரோலும் ரத்தமும் வாய்க்குள் போயின. மூக்கு படகின் அடியில் மோதியது. பிடி திடீரென்று விட்டது. தலையைத் தூக்கினால், துடுப்பு அம்மாவின் கையில் இருந்தது. தம்பியை ஒருநாளும் அதட்டாத அம்மா, அவர் வாயைக் குறி வைத்து இன்னொரு தடவை வீசினாள். ஒரு பல் தண்ணீரில் விழுந்தது. பின்னாலேயே மாமா.

"எம் பொண்ணு மேல கை வெக்கிறியாடா? எம் புருசன் மேல கை வெக்கிறியாடா?" அம்மா விழுந்தவர் தலையில் குத்தினாள், தோளில் குத்தினாள். மாமா எழுந்து நின்றார். தண்ணீர் இடுப்புக்கு இருந்தது. கரை வெடித்துச் சிரித்தது.

நான் பின்பக்கம் ஊர்ந்து போய், துளையைக் கையால் தேடித் தக்கையைத் திருகினேன். அப்பா காதில் ரத்தம் வடிய இறைத்துக்கொண்டே இருந்தார். பெரியப்பாவின் மடியிலிருந்து நழுவிய தட்டு முழுகிவிட்டது. வெற்றிலை மட்டும் ஒவ்வொன்றாக மிதந்து வாய்க்காலில் போயிற்று. பெரியப்பா அதையே பார்த்தார்.

"வெத்தல போயிடிச்சி" என்றார். "நல்ல நாளும் அதுவுமா ரத்தம் பாத்தாச்சி. இந்த சம்பந்தம் வாணாண்டா. ஆத்தாளுக்கே இஷ்டமில்ல."

ஆத்தாளுக்கு என்ன இஷ்டமோ. அந்த வெற்றிலை போனதில் என் ஒன்றரை வருடம் திரும்பி வந்தது. மாமா அதன் பிறகு எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

சிதம்பரத்தில் அரசாங்க ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு ஏழு தையல். டாக்டர் இடது காதுக்குப் பக்கத்தில் விரலைச் சொடுக்கினார். அப்பா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் அப்பா கேட்டார். "அது எப்பலேர்ந்து உங்கிட்ட இருந்திச்சி?"

"காலையிலேர்ந்து."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தக்கையை எடுத்ததற்கு நான் வருந்தியிருக்க மாட்டேன். வருத்தமெல்லாம் அந்த இரண்டாவது அடிக்காகத்தான்.

2011-இல் பட்டம் வாங்கினேன். விழா மண்டபத்தில் அப்பாவும் அம்மாவும் கடைசி வரிசையில் இருந்தார்கள். மேடையில் என் பெயரை வாசித்து, நான் படியேறி, வாங்கி, இறங்கியும் ஆயிற்று. அப்பா பக்கத்திலிருந்த அம்மாவை இடித்து, "சொல்லிட்டாங்களா?" என்று கேட்டாராம்.