தாய்ப்பால் கவியரங்கமும் அல்பரி வாங்கும்

2011 ஈஸ்டர் விடுமுறையில் மெல்பேர்ன் கிளென் வேவர்லியிலிருந்து சிட்னிக்குக் காரில் போனோம். அங்கே ஒரு கவியரங்கம், தலைப்பு ‘தாய்ப்பால்’. ஆறு கவிஞர்களில் என் மருமகள் தாரணி மட்டுமே பெண். அவளுக்கு நான்கு மாதக் கைக்குழந்தை. விமானத்தில் போகச் சொன்னவர்கள் பேச்சை நான் கேட்கவில்லை.

காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். தூரம் ஏறக்குறைய 880 கிலோமீற்றர். பெற்றோல் நூறு டொலருக்குள். மகன் ஓட்டினான். வழியில் அல்பரி நகரின் ஆற்றங்கரைப் பூங்காவில் நிறுத்தினோம். தாரணி பிள்ளைக்குப் பால் கொடுக்க இடம் தேடினாள். பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்த லொறிச் சாரதி ஒருவர் நிழலில் தான் உட்கார்ந்திருந்த நீள வாங்கை எழுந்து விட்டுத் தந்துவிட்டுப் போனார். அவ்வளவுதான்.

மாலை மண்டபத்துக்குப் போனால், மேடைத் திரையில் முலையூட்டும் தாயின் ஓவியம், ஆள் உயரத்தில். முதல் கவிஞர் பாலை அமுதம் என்றார். அடுத்தவர் தமிழே அந்தப் பால்தான் என்றார். கைதட்டல். அப்போது பிள்ளை அழுதது. பின்வரிசையில் இருந்த தாரணி சால்வையைப் போர்த்திக்கொண்டு பால் கொடுக்கத் தொடங்கினாள். ஒருங்கிணைப்பாளர் குனிந்தபடி வந்தார்.

“தங்கச்சி, குறை நினையாதேங்கோ. பெரியாக்கள் இருக்கினம். காருக்குள்ள இருந்து குடுத்திட்டு வாங்கோ.”

நான் மேடையைக் காட்டினேன். “அப்ப முதல்ல அவவைக் கூட்டிக்கொண்டு போம் தம்பி.”

“அங்கிள், அது படம்.”

“ஓம். படத்தில இருக்கிற பிள்ளைக்குப் பசிக்காது. அதுதான் உமக்கு வசதி.”

சத்தம் போடவேண்டாம் என்று எல்லோரும் என்னைத்தான் அடக்கினார்கள். தாரணி எழுந்து போய்விட்டாள். அவள் திரும்புமுன் அவளுடைய முறை வந்தது. தவிர்க்கமுடியாத காரணத்தால் அவள் வரவில்லை என்று அறிவித்தார்கள். வந்திருக்கிறாள், நீங்கள்தான் வெளியே அனுப்பினீர்கள் என்று எழுந்து நின்று சொன்னேன். ஒலிவாங்கி அவர்களிடம் இருந்தது. அடுத்தவர் அமுதத்தைத் தொடங்கிவிட்டார்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்; வாசிப்பு நானாகப் பழகியது. வாசித்த கவிதைகளில் பால் ஆறாகவே ஓடுகிறது. அதைக் கொடுக்கிறவளுக்கு வலிக்கும் என்று எழுத ஒருவருக்கும் மனம் வரவில்லையா?

மறுநாள் திரும்பும் வழியில், அதே வாங்கில், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தாரணி தன் கவிதையை எங்களுக்கு வாசித்தாள். அதில் அமுதம் இல்லை. வெடித்த முலைக்காம்பு இருந்தது. பிள்ளை வாய் வைக்குமுன் பல்லைக் கடித்துக்கொள்வது இருந்தது.

“எனக்கேன் சொல்லேல்லை?” என்று மகன் கேட்டான்.

“சொல்லத்தான் சிட்னிக்கு வந்தனான்.”

கைக்குழந்தையோடு இந்தப் பாதையில் போகிறவர்கள் அல்பரியில் நிறுத்துங்கள். மெல்பேர்னிலிருந்து மூன்றரை மணி நேரம். கழிப்பறை சுத்தம், நிழல் உண்டு. தாய்மையைப் போற்ற அங்கே யாரும் இல்லை. பிள்ளை நிம்மதியாகக் குடிக்கும்.