ஓய்வெடுத்த முதுகு

என் முதுகுவலிக்கு எது காரணம் என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகமே இருந்ததில்லை. மகள் பிறந்தபோது ஆபரேஷனுக்கு முன்னால் முதுகுத்தண்டில் ஒரு ஊசி போட்டார்களே, அதுதான். ஏற்காட்டில் பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இதையேதான் சொல்வாள். ஊசி போட்ட அந்த டாக்டரை நானும் பல வருடம் மனசுக்குள் வறுத்தெடுத்திருக்கிறேன்.

காலையில் எழும்போது முதுகு கட்டை மாதிரி இருக்கும். கட்டிலை விட்டு இறங்கவே ஒருவர் கை கொடுக்க வேண்டும். சேலத்தில் ஒரு டாக்டர், ஜவ்வு லேசாக விலகியிருக்கிறது என்று சொல்லி இடுப்புக்கு பெல்ட் கொடுத்து, சில வாரம் ஓய்வெடுக்கச் சொன்னார். எங்கள் வீட்டார் அதை ஆயுள் தண்டனையாக்கிவிட்டார்கள். எஸ்டேட் ஆபீஸ் வேலையை விட வைத்தார்கள். மாமியார் என்னை விளக்குமாற்றைத் தொடவே விடமாட்டார். "நீ படு சாமி, நாங்க எதுக்கு இருக்கறோம்?" என்பார். என் வீட்டுக்காரர் மஞ்சக்குட்டைக்கு ஜீப் ஓட்டுகிறவர். வண்டி எடுக்குமுன் சமைத்து வைத்து, ஒத்தடப் பையில் வெந்நீர் நிரப்பி என் பக்கத்தில் போட்டுவிட்டுத்தான் போவார். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு வயிறு எரிந்தது. எனக்கும் பெருமைதான், அதை எதற்கு மறைக்க வேண்டும்? ஆனால் படுக்கப் படுக்க முதுகு இன்னும் இறுகிக்கொண்டே போனது. ஓய்வு போதவில்லை என்று முடிவு செய்து மேலும் படுத்தேன்.

போன மழைக்காலத்தில் கழுத்தைத் திருப்பவே முடியாமல் போனதும், சேலத்தில் மூட்டு நோய்களைப் பார்க்கும் ஒரு பெண் டாக்டரிடம் என் வீட்டுக்காரர் என்னைக் கூட்டிப்போனார். உட்கார்ந்தவுடனே நான் ஊசிக் கதையை ஆரம்பித்தேன். அவர் பாதியில் நிறுத்தி, "ஏனுங்க, வேலை செஞ்சா வலி கூடுதுங்களா, குறையுதுங்களா?" என்று கேட்டார்.

எத்தனை பேர் என் முதுகை அமுக்கிப் பார்த்திருக்கிறார்கள், எத்தனை படம் எடுத்திருக்கிறார்கள்! இதை ஒருவரும் கேட்டதில்லை. வீட்டில் ஆளில்லாத நாட்களில் திருட்டுத்தனமாகத் துணி துவைப்பேன். அன்றைக்கெல்லாம் உடம்பு லேசாக இருக்கும்.

"குறையுதுங்க" என்றேன். சொல்லும்போதே எனக்குத் திக்கென்றது.

"கண்ணு சிவந்து வலிச்சிருக்குதுங்களா?"

வலித்திருக்கிறது. கண் டாக்டரிடம் போய்ச் சொட்டு மருந்து வாங்கி வந்திருக்கிறேன். முதுகுக்கும் கண்ணுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யார் கண்டது?

படமும் ரத்தப் பரிசோதனையும் எடுத்துப் பார்த்த பிறகு டாக்டர் விளக்கினார். ஊசிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் முதுகெலும்பு மூட்டுகளையே தாக்குகிற ஒரு வாதம் இது. இடுப்பு மூட்டு ஒட்ட ஆரம்பித்துவிட்டது. கவனிக்காமல் விட்டால் முதுகெலும்பும் வளைந்து அப்படியே நின்றுவிடலாம். மருந்து இருக்கிறது, ஆனால் தினமும் உடற்பயிற்சி செய்தே ஆகவேண்டும்.

"சும்மா படுத்திருந்தா இறுகத்தானுங்க செய்யும். யாருங்க இத்தன நாள் படுக்கச் சொன்னது?"

என் வீட்டுக்காரர் அறை வாங்கியவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். திட்டலாம் என்றால் திட்டுவதற்கு ஒரு பாவியும் இல்லை. என்னைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டவர்கள்தான் இருந்தார்கள்.

"உங்க ஊட்டுல யாருக்காச்சும் முதுகு வளைஞ்சிருக்குதுங்களா?" என்று டாக்டர் அடுத்ததாகக் கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா.

வெள்ளக்கடையில் இருக்கும் என் அப்பாவுக்கு நடுவயதுக்கு முன்னாலேயே முதுகு வளைந்துவிட்டது. காப்பி மூட்டை சுமந்ததால் வந்த வினை என்று அவரும் சொன்னார், ஊரும் சொன்னது. அவரோடு மூட்டை சுமந்தவர்கள் எல்லாரும் நேராகத்தான் நடக்கிறார்கள். அது எங்களில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. அப்போதே கண்டுபிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரிடம் கேட்டேன். உடற்பயிற்சி மட்டும் செய்திருந்தால்கூட இவ்வளவு வளைந்திருக்காது என்றார்.

விஷயம் கேட்டு மாமியார் அழுதார். "உன்னய நொம்ப நல்லா வெச்சிருக்கறன்னு நெனச்சனே சாமி" என்றார். அவரைத் தேற்றுவதே எனக்குப் பெரிய வேலையாகிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளக்கடைக்குப் போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்கு வந்ததுதான் உனக்குமா கண்ணு?" என்று பதறினார்.

"எனக்கு மருந்து இருக்குதுங்கப்பா. நான் நிமிந்துதான் இருப்பேன். பயப்படாதீங்க."

என் கையைத் தடவிக் கொடுத்தார். பிறகு கேட்டார்: "அப்ப எனக்கும் ஆராச்சும் அன்னிக்கே சொல்லியிருந்தா, நானும் நிமிந்திருப்பனா?"

"இல்லீங்கப்பா. அந்தக் காலத்துல இதுக்கு ஒண்ணுமே கெடையாதுங்க" என்றேன்.

"அதான பாத்தேன்" என்றார் அப்பா, தரையைப் பார்த்தபடியே. அவரால் தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்க்க முடியாதது அன்றைக்கு எனக்கு நல்லதாகப் போயிற்று.