பியோர்ண்டால் தாங்கியின் மூடி

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். தர்மினிக்கு இது நடந்தது. நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

ஒஸ்லோவில் குடிநீர்க் கட்டுப்பாட்டு அறையில் அவளுக்கு வேலை. போன டிசம்பர், பின்னேரம் 3.41. வெளியே இருட்டிவிட்டது. தண்ணீர்த் தாங்கிகளைச் சுற்றிப் பார்க்கும் மகேசனிடமிருந்து அழைப்பு.

“என்ன மகாராணி, ஹீற்றருக்குப் பக்கத்திலையோ?”

“பகிடியை விட்டிட்டு விசயத்தைச் சொல்லுங்கோ, அண்ணை.”

“பியோர்ண்டால் தாங்கி வால்வை மூடு. ஆரோ மூடியின்ரை பூட்டை வெட்டிப்போட்டாங்கள்.”

அவளுடைய மகன் நிலன் பியோர்ண்டால் பள்ளியில்தான் இருந்தான். குடிப்பது அந்தத் தண்ணீர்.

தாங்கியின் கமராவைப் பார்த்தாள். மூடியின்மேல் முழங்கால் உயரப் பனி. கலையாத பனி. ஒரு காலடிகூட இல்லை.

“எங்கை நிக்கிறியள்?”

“இஞ்சைதான்.”

“ஆளைக் காணேல்லையே.”

அழைப்பில் சொட்... சொட்... என்று ஒரு சத்தம்.

விசமிகள் ஏமாற்றி நீரை நிறுத்திவிடக்கூடாது என்று ஒரு விதி உண்டு. களத்தில் நிற்பவரின் கைபேசிக்கு மட்டும் தினமும் புதிதாய் வரும் இரகசியச் சொல்லை அவர் சொல்ல வேண்டும். அறையில் இருப்பவர் அதைக் கணினியில் அடிக்க வேண்டும். வேலை எடுத்துத் தந்த அண்ணையிடம் அதைக் கேட்க அவளுக்குக் கூச்சம். ஐந்து நிமிடம் வீணாய்ப் போனது.

“அந்தச் சொல்லை... சொல்லுங்கோ அண்ணை.”

“இஸ்பியோர்ன்.”

நோர்வேஜிய மொழியில் பனிக்கரடி. அடித்தாள். திரை பச்சையானது. 3.47.

அந்தப் பெரிய வால்வு மூட பதினொரு நிமிடம் எடுக்கும். அவசரப்படுத்த முடியாது. மற்றத் தொலைபேசியில் பள்ளிக்கு எடுத்தாள். மணி அடித்தது... அடித்துக்கொண்டே இருந்தது.

வால்வு பத்து வீதம் மூடியிருந்தது.

இருபது.

“அண்ணை, ஆளனுப்பவோ?”

“அவசரமில்லை, பிள்ளை... நேற்றிலிருந்து எல்லாரும் குடிச்சிட்டினம்.”

“என்ன?”

“குளிருது...”

சொட்.

தொடர்பு அறுந்தது.

நிலன் கிடைத்தபோது 3.56. “அம்மா, இப்பத்தான் தண்ணி குடிச்சனான். ஏன்?”

அவள் காவல்துறையை அழைத்தாள்.

4.40க்குக் காவலர்கள் பனியைத் தோண்டினார்கள். வெட்டிய பூட்டு அடியில் கிடந்தது. மூடியைத் தூக்கினார்கள். நீரில் ஒரு மஞ்சள் ஜாக்கெட். மகேசன்.

தண்ணீரில் நஞ்சு இல்லை. யார் தள்ளினார்கள், இன்றுவரை தெரியாது.

மகேசன் இறந்தது முதல் நாள் இரவு எட்டு மணியளவில் என்றார் மருத்துவர்.

‘இஸ்பியோர்ன்’ என்ற சொல்லை இயந்திரம் தெரிந்தெடுத்தது, அழைப்பு வந்த நாள் காலை ஆறு மணிக்கு.