பிசிறு எடுத்த எஞ்சின்

முத்தாபுதுப்பேட்டைக்கு வெளியே, மனை போட்டும் விற்காத நிலத்தில் மாதம் ஒரு ஞாயிறு கார் பந்தயம் நடக்கிறது. செம்மண்ணில் நீள்வட்டப் பாதை. ஒரு சுற்றுக்கு அரை நிமிடம்கூட ஆகாது. கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் எண்ணூறு சிசி எஞ்சின் என்றால் சாதாப் பிரிவு. எஞ்சினில் கைவைத்தவை எல்லாம் ஓப்பன் பிரிவு.

விதிகளை எழுதியது நான். பத்திரிகையில் இருந்தவன், சண்டை வராமல் எழுதுவான் என்று கொடுத்தார்கள். ‘எஞ்சினுக்குள் எதையும் அராவவோ தேய்க்கவோ கூடாது.’ தெளிவான வாக்கியம் என்று அப்போது திருப்திப்பட்டேன். எனக்கு முன்பே இருந்த வழக்கம் ஒன்று உண்டு. ஜெயித்தவர்மேல் சந்தேகம் என்றால் அவர் எஞ்சினைத் திறக்கச் சொல்லலாம். சொல்பவர் தன்னுடையதையும் பக்கத்திலேயே திறந்து வைக்க வேண்டும்.

அன்று சாதாப் பிரிவில் ஜெயித்தவர் ஆவடி குவார்ட்டர்ஸில் இருக்கும் ஃபிட்டர், தொழிற்சாலையில் இருபது வருடம் அரம் பிடித்தவர். இதுவரை மூன்றாவது இடத்தைத் தாண்டியதில்லை. அன்றுதான் மனைவியும் மகளும் முதல்முறையாக வந்திருந்தார்கள். மகள் கோப்பையை மடியில் வைத்திருந்தாள்.

இரண்டாவதாக வந்தவர் உள்ளூர் விவசாயக் குடும்பம், இப்போது தண்ணி லாரி ஓட்டுகிறார்.

“இன்னா அண்ணாத்தே, திடீர்னு ராக்கெட் கணக்கா போற? தொற, பார்க்கலாம்.”

எஞ்சின்கள் ஆறும்வரை டீ குடித்தோம். பிறகு பந்தயத்துக்கென்று வரும் மெக்கானிக் இரண்டையும் கழற்றினார். ஃபிட்டருடையதில், காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் துளைக்குள் விரலை விட்டுப் பார்த்து, “தேய்ச்சிருக்கு சார், காத்து தடங்கலில்லாம உள்ள போகும்” என்றார்.

“தேய்க்கலையே!” ஃபிட்டர் பதறினார். “வார்ப்புப் பிசிறு கூர்கூராக நீட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்தேன், அவ்வளவுதான்.”

“அதான் மாமே தேய்க்கிறது!” என்றார் லாரிக்காரர். கூட்டம் சிரித்தது. ஃபிட்டரின் மனைவி சிரிக்கவில்லை.

ஃபிட்டரை நீக்கும் காரணத்தைப் பதிவேட்டில் நான் எழுத வேண்டும். ‘ஏமாற்று’ என்றால் ஒரு வருடத் தடை. ‘தவறு’ என்றால் அன்றைய இடம் மட்டும் போகும். பேனாவை எடுக்குமுன் அந்தக் காரை ஒருமுறை சுற்றிவந்தேன். பேட்டரித் தட்டின் விளிம்பு மழுங்கத் தேய்த்திருந்தது. நம்பர் பிளேட் தாங்கியின் நாலு மூலையும் அப்படியே. சீட்டுக்கு அடியில், யாரும் பார்க்காத இரும்புப் பட்டையிலும் பிசிறு இல்லை. இவற்றால் கார் ஒரு நொடிகூட வேகமாகப் போகாது.

லாரிக்காரரைக் கூப்பிட்டு, அந்தப் பட்டையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டார். தலையில் அடித்துக்கொண்டார்.

“இது ஏமாத்து இல்ல சார். வியாதி. தப்புன்னே எழுதிக்க.”

எழுதினேன். மகள் எழுந்து வந்து கோப்பையை நீட்டினாள். லாரிக்காரர் அதைக் கொஞ்சம் கூச்சத்தோடு வாங்கிக்கொண்டு, “நைனாவாண்ட சொல்லு, அடுத்த மாசம் அரத்தை ஊட்ல வெச்சுட்டு வரணும்” என்றார்.

ஃபிட்டர் காதில் அது விழவில்லை. திறந்து கிடந்த லாரிக்காரரின் எஞ்சினுக்குள் விரலை விட்டுத் தடவிக்கொண்டிருந்தார்.

“இவ்வளவு பிசிறு! இதை எப்படிங்க அப்படியே விட்டீங்க?”